தேத்தண்ணிக் கோப்பையும் சோசியல் சேர்விஸ் பயமும்

கடந்த மாரிகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினான்கு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் இளம் தாய் எம்மிடம் வந்தார். குழந்தையின் நெஞ்சிலும் இடது தோளிலும் கொப்புளங்கள் உடைந்திருந்தன. அவற்றின் மேல் பூசிய பற்பசை காய்ந்து ஒட்டிக்கிடந்தது. தேத்தண்ணி ஊற்றுப்பட்டது ஞாயிற்றுக்கிழமை மாலை. இரண்டு இரவுகள் பிள்ளை நித்திரை கொள்ளவில்லை. ஏன் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவில்லை என்று கேட்டோம்.

"போனா எழுதிப்போடுவினம் டொக்டர். பிறகு சோசியல் சேர்விஸ் வந்து பிள்ளையைக் கொண்டு போயிடுமெண்டு பக்கத்து வீட்டு அக்கா சொன்னவ."

தழும்பு வருமா என்று அவர் கேட்டது அதற்குப் பிறகுதான்.

(அந்தத் தாயின் சம்மதத்துடன், ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியே இதை எழுதுகிறோம்.)

பிள்ளையை அன்றே எரிகாயப் பிரிவுக்கு அனுப்பினோம். அங்கே எப்படி நடந்தது என்று கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். பின்னர் ஹெல்த் விசிட்டர் வீட்டுக்குப் போய்க் குசினியைப் பார்த்தார். குசினி வாசலுக்குத் தடுப்புக் கதவு போடச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு நாட்களின் தாமதத்தால் காயத்தில் கிருமி தொற்றிவிட்டது. தழும்பும் இருக்கத்தான் போகிறது.

எம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விடயத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சிறு பிள்ளைக்குக் காயம் ஏற்படுவதைக் கண்டு எந்த வைத்தியரும் சந்தேகப்பட்டுவிடுவதில்லை. நடக்கப் பழகும் பிள்ளை விழும், இழுக்கும், கொட்டும். எமது மனதில் கேள்வியை எழுப்புவது, காயம் பட்டு நாட்கள் கழித்துக் கொண்டுவருவதும், சொல்லும் கதை ஆளுக்கு ஆள் மாறுவதும், இன்னும் புரளவே தெரியாத குழந்தையில் கண்டல் இருப்பதும்தான். மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடமே இது. ஆகவே பயத்தினால் வீட்டில் மறைத்து வைத்திருப்பவர், தான் எதற்குப் பயந்தாரோ அதையே தேடிப் போகிறார்.

அந்தத் தாய் வந்து போன பிறகுதான் எமது சங்கத்தின் பெண்கள் சிலரும், தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களும், நாமும் சேர்ந்து ஒரு சிறு முயற்சியை ஆரம்பித்தோம். மூத்த பிள்ளைகள் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் இருக்கும் இரண்டு மணித்தியாலமும் தாய்மார் காருக்குள்ளும் வாசலிலும் காத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்களை மண்டபத்துக்குள் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து (கோப்பையை மேசையின் நடுவில் வைத்துத்தான்) பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றிக் கதைக்கிறோம். முதல் நாள் ஏழு பேர். இப்போது கதிரை போதாது.

எமது வீடுகளில் இருக்கும் ஆபத்துகள்

அரசாங்கத் துண்டுப் பிரசுரங்கள் நல்லவைதான். ஆனால் அவை எமது வீடுகளைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல. சாமி அறையில் என்ன இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

முதலில் தேத்தண்ணி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இந்த நாட்டில் வெந்துபோவதற்கு மிகப் பொதுவான காரணம் சூடான பானந்தான். ஊற்றிப் பதினைந்து நிமிடம் கழிந்த தேத்தண்ணி கூடக் குழந்தையின் மெல்லிய தோலைப் பொசுக்கும். மடியில் பிள்ளை, கையில் கோப்பை என்ற பழக்கத்தை விடவேண்டும். விருந்தாளி வந்தால் முக்காலியில் தட்டத்தோடு வைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். ஒரு வயதுப் பிள்ளையின் கை எட்டும் உயரம் சரியாக அதுதான்.

ஊற்றுப்பட்டுவிட்டால் உடுப்பையும் நாப்பியையும் கழற்றுங்கள். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்கவேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் அழும் பிள்ளையோடு நிற்கும்போது மூன்று நிமிடமே அரை மணித்தியாலம் போலிருக்கும். உடனே செய்ய முடியாமற் போனாலும், மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பிள்ளையின் மற்ற உடம்பைப் போர்த்துச் சூடாக வைத்திருங்கள். பிறகு உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்ரிக் தாளைக் காயத்தின் மேல் விரித்து வையுங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம். பற்பசை, பட்டர், மஞ்சள், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். உள்ளங்கையளவு கொப்புளம் வரும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

அடுத்தது கற்பூரம். பார்வைக்குக் கற்கண்டு போலவே இருக்கிறது. சிறு பிள்ளை ஒரு கட்டியை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து நேரலாம். சாமித் தட்டில் விபூதிக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கற்பூரம் வைத்திருக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். எமது வீட்டிலும் அப்படித்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் 999ஐ அழையுங்கள்.

நெருப்புப் பயத்தில் பலர் இப்போது எண்ணெய் விளக்குக்குப் பதிலாகப் பற்றரியில் எரியும் சிறு விளக்குகளைச் சாமி அறையில் வைக்கிறார்கள். அந்த விளக்குக்குள் நாணயம் போன்ற தட்டைப் பற்றரி இருக்கிறது. அதைப் பிள்ளை விழுங்கி அது தொண்டைக் குழாயில் சிக்கினால், பற்றரியின் மின்சாரம் உடலின் ஈரத்தோடு சேர்ந்து எரிகாரத்தை உண்டாக்கி, இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே குழாயைக் கடுமையாக எரித்துவிடக்கூடும். இதில் கொடுமை என்னவென்றால் ஆரம்பத்தில் பிள்ளை சாதாரணமாக விளையாடிக்கொண்டிருக்கலாம். விழுங்கியதை நீங்கள் காணாவிட்டாலும், பற்றரி ஒன்று குறைகிறது என்றாலே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் 'பற்றரி' என்ற சொல்லைச் சொல்லுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கவேண்டாம்.

அம்மம்மா, அப்பப்பாவின் குளிசைகளையும் மறக்கவேண்டாம். எமது சமூகத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. கிழமைக்குரிய குளிசைகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை பிள்ளைகளால் இலகுவில் திறக்கக் கூடியவை. கிளிக்ளசைட் போன்ற நீரிழிவுக் குளிசை ஒன்றே சிறு பிள்ளையின் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், அதுவும் சில மணித்தியாலம் கழித்து. கர்ப்பிணிகள் எடுக்கும் இரும்புச் சத்துக் குளிசையும் அப்படியே. அதைச் சத்து மாத்திரைதானே என்று எண்ணி மேசையில் விடுகிறோம்.

ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தொட்டுவைப்பது கூடாது, ஐந்து வயதுக்கு முன் முழுக் கச்சான் கொடுப்பதும் கூடாது. இவை பற்றி முன்னரும் பலமுறை சொல்லியிருக்கிறோம், மாமிமாரோடு சண்டையும் பிடித்திருக்கிறோம்.

சோசியல் சேர்விஸ் உண்மையில் என்ன செய்கிறது?

மண்டபத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி கற்பூரத்தைப் பற்றியதல்ல, இதைப் பற்றியதுதான். 2011இல் நோர்வேயில் ஓர் இந்தியக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளை அந்நாட்டு அதிகாரிகள் பொறுப்பெடுத்த கதையும், 2023இல் அதைத் தழுவி வந்த இந்திப் படமும் எங்கள் ஆட்களின் கைத்தொலைபேசிகளில் இன்னமும் சுற்றுகின்றன. அது வேறு நாடு, வேறு சட்டம். இங்கிலாந்தில் அடிப்படையாக இருப்பது 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம். அதன் 17ஆம் பிரிவு, உதவி தேவைப்படும் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் உதவுவது பற்றியது. 47ஆம் பிரிவு, பிள்ளைக்குக் கடும் தீங்கு நேர்கிறது அல்லது நேரலாம் என்ற நியாயமான சந்தேகம் இருந்தால் விசாரிப்பது பற்றியது. இரண்டுக்கும் ஒரே அலுவலகத்திலிருந்துதான் ஆள் வருவார். வாசலில் நிற்பவரைப் பார்த்தவுடன் எங்களுக்கு இரண்டாவதுதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு சமூக சேவை அலுவலர் தான் நினைத்தபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பெற்றோரின் சம்மதம் வேண்டும், அல்லது நீதிமன்றக் கட்டளை வேண்டும். உடனடி ஆபத்து என்றால் பொலிசார் 72 மணித்தியாலம் வரை பிள்ளையைப் பாதுகாப்பில் வைக்கலாம். நீதிமன்றத்தின் அவசரக் கட்டளை எட்டு நாட்களுக்கு. மேலும் ஏழு நாட்கள் நீடிக்கலாம். அறிவிக்கப்படும் குடும்பங்களில் பெரும்பாலானவை தம் பிள்ளைகளோடுதான் தொடர்ந்து வாழ்கின்றன. அலுவலர் வந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள், எழுதித் தருவது விளங்காவிட்டால் கையெழுத்திடவும் வேண்டாம்.

நாமும் அறிவித்திருக்கிறோம். மறைக்க ஒன்றுமில்லை. ஒரு குடும்பம் இரண்டு வருடம் எம்முடன் முகம் கொடுத்துப் பேசவில்லை, கோயிலில் கண்டாலும் திரும்பிக்கொண்டார்கள். அதைத் தாங்கலாம். தாங்க முடியாமல் இருப்பது நாம் கேட்கத் தவறியதுதான். பல வருடங்களுக்கு முன் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வயிற்றுநோ என்று திரும்பத் திரும்ப வந்தாள். ஒவ்வொரு முறையும் தாயார் பக்கத்திலிருந்து பதில் சொன்னார். எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன. அவளைத் தனியே இருத்தி ஒரு வார்த்தை கேட்க எமக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து போன, எல்லாரும் மதித்த ஒருவரின் தொல்லை அது என்று பின்னர் பாடசாலை ஆசிரியை ஒருவரிடம்தான் அவள் சொன்னாள். எமது பாசையில், எமது ஊர்க்காரராக இருந்த எம்மிடம் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. "மாமாவுக்கு ஒரு கொஞ்சு குடு" என்று பிள்ளையைத் தள்ளிவிடும் எமது பழக்கத்தைப் பற்றி மண்டபத்தில் நீண்ட நேரம் விவாதம் நடந்தது. மரியாதை என்னாவது என்று மூத்தவர்கள் கேட்டார்கள். கைகூப்பி வணக்கம் சொல்வது எமது மரியாதைதானே என்று ஓர் அம்மம்மாவே பதில் சொன்னார், எமக்கு வேலை குறைந்தது. விருப்பமில்லாத தொடுகைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை தனக்கு உண்டென்று வீட்டில் அறிந்த பிள்ளைதான் வெளியிலும் சொல்லும். உடல் உறுப்புகளுக்கு வெட்கப்படாமல் ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். சொல்லே இல்லாத பிள்ளை எதை வைத்து முறையிடும்?

'சித்தப்பா' வீட்டில் வளரும் பிள்ளைகள்

எமது சமூகத்தில் இன்னொரு விடயம் உண்டு. யுத்த காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் தனியே அனுப்பப்பட்டு, உறவுக்காரர் வீடுகளில் வளர்ந்தார்கள். இன்றும் படிப்புக்காக, அல்லது தாய் தகப்பனின் வதிவிட விசாவுக்குக் காத்திருக்கும் காலத்தில், பிள்ளை ஓர் உறவினரிடம் இருப்பது நடக்கிறது. நாம் சித்தப்பா என்கிறோம். சட்டத்துக்கு அவர் தகப்பனின் ஒன்றுவிட்ட சகோதரன். பேரன், பேத்தி, சகோதரர், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், மாற்றாந்தாய் தகப்பன் ஆகியோரைத் தவிர்ந்த ஒருவர், 16 வயதுக்குட்பட்ட (ஊனமுற்ற பிள்ளையெனில் 18) பிள்ளையை 28 நாட்களோ அதற்கு மேலோ வீட்டில் வைத்திருப்பதானால் உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவிக்கவேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் ஆறு கிழமைக்கு முன், பிள்ளை ஏற்கனவே வந்துவிட்டால் 48 மணித்தியாலத்துக்குள்.

2000ஆம் ஆண்டு வட இலண்டனில் எட்டு வயது விக்ரோறியா கிளிம்பி சித்திரவதைப்பட்டு இறந்தாள். ஐவரி கோஸ்ரில் இருந்த பெற்றோர், நல்ல படிப்புக் கிடைக்கும் என்று நம்பி உறவுக்காரப் பெண்ணுடன் அனுப்பிவைத்த பிள்ளை அவள். வைத்தியசாலைகள், பொலிஸ், சமூக சேவை அலுவலகங்கள் என்று பலரும் அவளைக் கண்டார்கள், ஒருவரும் காப்பாற்றவில்லை. லோர்ட் லாமிங் 2003இல் வெளியிட்ட அறிக்கையும் 2004ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டமும் அதன் பின் வந்தவையே. எமது உறவினர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று கோபிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: பெரும்பாலானோர் அல்லர்தான். அறிவித்து வைப்பது நல்ல சித்தப்பாவுக்கும் பாதுகாப்பு.

தமிழ்ப் பாடசாலையில் இப்போது எல்லாத் தொண்டர்களும் டி.பி.எஸ். சோதனை முடித்தவர்கள். தொண்டர்களுக்கு அதற்கு அரசாங்கக் கட்டணம் இல்லை. "இருபது வருடமா படிப்பிக்கிறன், என்னைச் சந்தேகப்படுறியளோ" என்று ஒரு மாஸ்ரர் மனம் நொந்தார். நொந்தாலும் படிவத்தை நிரப்பித் தந்தார், அதற்கு நாம் நன்றியுடையோம். சோதனை என்பது முன்னர் பிடிபட்டவரை மட்டுமே காட்டும் என்பதால், பூட்டிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியே இருப்பதில்லை என்ற விதியே அதைவிட முக்கியம். பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்ற பட்டியலும் வாசலில் உண்டு. பட்டியலில் இல்லாவிட்டால் தலைவரின் மச்சான் என்றாலும் காத்திருக்கத்தான் வேண்டும். ஒருமுறை காத்திருந்தார்.

பிரம்பு வகுப்பில் இல்லை. எமது தலைமுறைக்கு அடி வாங்காத பள்ளிக்கூட நாள் இல்லை. "அடிச்சபடியாத்தான் டொக்டரா வந்தனீங்கள்" என்று எம்மிடமே சொல்கிறார்கள். எம்மோடு அதே அடியை வாங்கிப் பள்ளிக்கூடத்தையே விட்டோடியவர்களை யாரும் எண்ணுவதில்லை. 2016இல் வெளியான, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை ஒன்று, அடி வாங்கும் பிள்ளைகளில் முரட்டுத்தனமும் மனநலக் குறைவும் கூடுதலாகவே இருப்பதைக் காட்டியது. ஸ்கொட்லாந்து 2020இலும் வேல்ஸ் 2022இலும் பெற்றோர் அடிப்பதையும் முற்றாகத் தடைசெய்துவிட்டன. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், உடம்பில் காயம் உண்டாகும்படி அடித்துவிட்டு 'கண்டிப்புக்காக அடித்தேன்' என்று வாதாட இடமில்லை.

ஆனால் அடிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது வைத்தியம் ஆகாது. இரவு முழுக்கப் பெற்றோல் நிலையத்தில் நின்றுவிட்டு வரும் தகப்பனும், உறவு சனமின்றி மூன்று பிள்ளைகளோடு நாலு சுவருக்குள் இருக்கும் தாயும் கை ஓங்குவது பெரும்பாலும் பிள்ளையின் குற்றத்துக்காக அல்ல. ஷெல் சத்தத்தில் வளர்ந்தவர்கள், கதவு அறைபட்டாலே உடல் விறைப்பவர்கள், பிள்ளை கத்தும்போது என்ன செய்கிறோம் என்று தெரியாமல் அடித்துவிட்டுப் பிறகு குளியலறையில் நின்று அழுவதாக எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. நித்திரையின்மை, கெட்ட கனவு, அடங்காத கோபம் என்று வந்து சொன்னாலே போதும்.

ஊரில் பிள்ளை பிறந்தால் 31ஆம் நாள் துடக்குக் கழியும் வரை தாயைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். இங்கே மூன்றாம் நாள் அவளே மாடிப்படி இறங்கி மூத்ததைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிறாள். ஆகவே எமது பெண்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஒரு மாதம் மாறி மாறிச் சரக்குக் கறியும் சோறும் போகும். சாப்பாடு கொடுப்பவர் பத்து நிமிடம் இருந்து, தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பதே உண்மையான நோக்கம். 'பிள்ளையைப் பாக்கவே மனமில்லை', 'நான் இல்லாட்டி நல்லது' என்ற சொற்கள் காதில் விழுந்தால் அன்றைக்கே எமக்கோ அவரது வைத்தியருக்கோ 111க்கோ அழைக்கச் சொல்லியிருக்கிறோம். இரண்டு தாய்மாரை இப்படித்தான் நேரத்தோடு சிகிச்சைக்குக் கொண்டுவர முடிந்தது. இதைக் கண்டுபிடித்தது எமது மருத்துவப் படிப்பு அல்ல, மிளகும் சீரகமும் அரைத்த கைகள்.

பிள்ளைகள் தாமே பேச 0800 1111 என்ற சைல்ட்லைன் இலக்கம் உண்டு. இலவசம், தொலைபேசிக் கட்டணச் சிட்டையில் பதியப்படாது. இன்னொரு பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெரியவர்கள் என்.எஸ்.பி.சி.சி.யை 0808 800 5000இல் அழைக்கலாம், பெயர் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. வீட்டில் தானே அடிபடும் பெண்களுக்கு 0808 2000 247, இரவு பகல் எந்நேரமும்.

மேலே சொன்ன அந்த இளம் தாய் இப்போது ஒவ்வொரு மாதமும் வருகிறார். ஒரு பொம்மையைக் குழாயடியில் பிடித்து, 20 நிமிடம் எவ்வளவு நீளம் என்று மற்றவர்களுக்குக் காட்டுவது அவர் வேலை. அவர் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் தேத்தண்ணி குடித்து முடித்து, கதைத்து முடித்து, இன்னும் நேரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவரது மகன் இப்போது மண்டபம் முழுக்க ஓடித் திரிகிறான்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது வீட்டுப் பெரியவர்களின் குளிசைப் பெட்டியையும், சாமி அறையில் உள்ள பற்றரி விளக்கையும் கொண்டுவாருங்கள். எதை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.